வினை என்னும் சொல் யாருக்கு உரியது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

துன்புற்றார் ஒருவரைக் காணச் செல்கிறோம். என்ன சொல்வதென்று தெரிவதில்லை. அப்போது நாவில் முதலில் வந்து நிற்பது ‘பிராரப்தம்’ என்னும் சொல். அது சாஸ்திரத்தில் உள்ள சொல். பொய்யான சொல் அன்று. ஆயினும் அதைச் சொன்னதற்காக நாம் ஒருமுறை நாணித் தலைகுனிய நேர்ந்தது. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரில் வாழும் அடியார் தம்பதியர் நமக்கு நெடுநாளாகப் பழக்கமானவர்கள். அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அகவை எழுபத்தாறு. அவருடைய தேவிகள் அவரைவிட ஆறு வயது இளையவர். ஏகாதசிதோறும் திருவண்பரிசாரத்துக்கோ திருவட்டாற்றுக்கோ சென்று சேவித்து வருவது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். திருமாளிகையில் இவர்கள் இருவரும், திருவாராதனப் பெருமாளும் மட்டுமே.

அவருடைய நெற்றியில், இடப்புருவத்துக்குச் சற்று மேலே, சொரசொரப்பாக ஒரு புள்ளி தோன்றியது. திருமண் ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று எண்ணித் திருமண்ணை மாற்றிப் பார்த்தார். சந்தனம் அரைத்துப் பூசினார். புள்ளி தடித்தது, பொருக்குத் தட்டியது, பொருக்கு உதிர்ந்த இடத்தில் சில நாள் உதிரம் கசிந்தது. ‘வைத்தியரிடம் காட்டலாம்’ என்று தேவிகள் சொல்லும்போதெல்லாம், ‘பிராரப்தம், அநுபவித்துத் தீர்க்க வேண்டியதுதான்’ என்று விடை வந்தது. இப்படியே ஒன்றரை ஆண்டு கழிந்தது. பிறகு ஒருநாள் தோல் மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். செதிள் உயிரணுப் புற்று என்று முடிவு வந்தது.

செய்தி அறிந்து நாம் சென்றோம். அவர் திண்ணையில் அமைதியாக இருந்தார். நாமும் அந்த அமைதிக்கு ஏற்பப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, ‘எல்லாம் பிராரப்தம்தானே ஸ்வாமி; சரணாகதர்களுக்கு இதில் கலக்கம் ஏது?’ என்றோம். தீர்த்தச் சொம்பை வைக்க வந்த அம்மையார் அங்கேயே நின்றுவிட்டார்.

‘ஸ்வாமி, தவறாகச் சொன்னால் க்ஷமிக்கவேணும். அந்த வார்த்தையை இவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றரை வருஷமாக அதைச் சொல்லித்தான் வைத்தியரிடம் போகாமல் இருந்தார். தேவரீரும் அதையே சொன்னால், நாளைக் காலையில் அடியேன் இவரை நெய்யூருக்கு எப்படி அழைத்துக்கொண்டு போவேன்?’

நமக்கு மறுமொழி இல்லை. இன்றளவும் அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடிக்கொண்டிருக்கிறோம். வினை என்னும் சொல்லை யார், யாரைப் பற்றிச் சொல்லலாம்? சரணாகதி செய்தவன் மருந்தை நாடலாமா? அருகில் இருப்பவர் அஞ்சுவது நம்பிக்கைக் குறைவா? இம்மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நெய்யூரைப் பற்றிச் சில சொற்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகே உள்ள சிற்றூர் அது. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. அங்கே 1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவர் வைத்தியப் பணியைத் தொடங்கினார். சென்ற நூற்றாண்டில் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் அங்கே வந்தார். அவர் 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் ஏறியவர். 1922 பயணம் முடிந்தபின் இந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் மருத்துவருக்காகக் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்கு அமைய இருந்த பதவியை விட்டு, தென் திருவிதாங்கூரிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தார்.

அந்நாளில் இவ்வட்டாரத்தைப் பெரிதும் வருத்தியது வாய்ப்புற்று. வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை, நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர் என்பவர் ஆராய்ந்து, 1933இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினார். தலைமுறை தலைமுறையாக ‘விதி’ என்று சொல்லி மக்கள் விட்டிருந்த ஒன்றுக்கு, கையால் தொட்டு விலக்கக்கூடிய ஒரு காரணமும் உண்டு என்று அந்த ஆராய்ச்சி காட்டிற்று. விதி என்று நாம் ஒன்றை விட்டுவிடும்போது, அதனுள் இருக்கும் திருத்தக்கூடிய பகுதியையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம் என்பதற்கு நெய்யூரே சான்று. இன்று அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது. அப்பணியைத் தொடங்கியவர்கள் நம் ஸம்ப்ரதாயத்தவர் அல்லர். ஆயினும், நோயுற்றவன் யார் என்று கேளாமல் கதவைத் திறந்து வைத்தவர்களிடம் நன்றி பாராட்டுவது ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணத்துக்கு மாறானது அன்று.

இனி முதற்கேள்வி. சரணாகதி செய்தவன் மருந்தை நாடலாமா?

பிரபத்தி செய்தவனுக்கு ஸஞ்சிதம் கழிகிறது. இந்த உடம்பைத் தொடங்கி வைத்த பிராரப்தம் உடம்பு விழும்வரை தொடர்கிறது என்று பெரியோர் நிர்வஹித்திருக்கிறார்கள். இக்கணமே உடம்பை விட்டு அவன் திருவடி சேரவேண்டும் என்று துடிப்பவன் ஆர்த்தன். இவ்வுடம்பின் முடிவில் பேறு கிடைத்தால் போதும் என்று இருப்பவன் த்ருப்தன். நம்மிற்பெரும்பாலோர் த்ருப்தர்களே. ஆக, பிராரப்தம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் பிராரப்தம் உண்டு என்பதிலிருந்து மருந்து கூடாது என்பது எவ்வாறு பெறப்படும்? பசியும் உடம்பைப் பற்றி வருவதே. பசித்தவன் தளிகை பண்ணி, கண்டருளப்பண்ணி, பிரஸாதம் உண்கிறான். அதை உபாயாந்தரம் என்று எவரும் சொல்வதில்லை. மோக்ஷத்துக்கு எம்பெருமானையன்றி வேறோர் உபாயத்தைப் பற்றலாகாது என்பதே விலக்கு. புண்ணுக்கு மருந்திடுவது மோக்ஷோபாயம் அன்று. ஆகவே அந்த விலக்கு அதைத் தொடாது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஓர் ஆத்மாவால் தாங்கப்பட்டு, அதனால் நியமிக்கப்பட்டு, அதன் பொருட்டே இருக்கும் த்ரவ்யம் அதற்கு சரீரம் என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் லக்ஷணம் அருளினார். சேதனமும் அசேதனமும் எல்லாம் எம்பெருமானுக்கு சரீரம் என்னும்போது, இந்தப் பழைய உடம்பும் அவனுடைய உடைமையே. திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில் நம்மாழ்வார் தம் உடம்பைக் கழித்தருளவேண்டும் என்று மன்றாடுகிறார். எம்பெருமானோ திவ்யதேசங்களில் பண்ணும் விருப்பத்தை எல்லாம் அந்த உடம்பிலே பண்ணி, அதை விடமாட்டாமல் நிற்கிறான் என்று வ்யாக்யாதாக்கள் காட்டுகிறார்கள். ஆழ்வார் உடம்பும் நம் உடம்பும் ஒன்றல்ல. ஆயினும் உடையவன் ஒருவனே. பிறருடைய பொருளைக் காப்பில் வைத்திருப்பவன், ‘அது பழுதானால் ஆகட்டும்’ என்று இருப்பது பற்றின்மை ஆகாது, பொறுப்பின்மையே ஆகும்.

திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளின் கிடந்த திருக்கோலத்தை அறியாதார் இரார். இருபத்திரண்டு அடி நீளமுள்ள அத்திருமேனி கடுசர்க்கரை யோகத்தால் ஆனது. மூன்று வாசல்கள் வழியாகவே முழுதும் சேவிக்க இயலும். அத்திருக்கோயிலுக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2022 ஜூலை 6 அன்று மஹாஸம்ப்ரோக்ஷணம் நடந்தபோது, உலகெங்கும் உள்ள அடியார்கள் உகந்தோம். மண்டபத்துக் கல் பெயர்ந்தால் காலத்தின் கோலம் என்று நாம் விடுவதில்லை, திருப்பணி செய்கிறோம். கல்லுக்கும் சுதைக்கும் திருப்பணி உண்டென்றால், அவனைத் தொழுத நெற்றிக்கு இல்லையா?

இதைச் சொன்னபோது அந்த அடியார் சிரித்தார். ‘நியாயம் ஸ்வாமி. ஆனால் கத்தி என்றால் பயமாக இருக்கிறதே’ என்றார். ஒன்றரை ஆண்டாகப் பிராரப்தம் என்று சொன்னது பாதி வைராக்யம், பாதி அச்சம் என்று அவரே அன்றுதான் ஒப்புக்கொண்டார். அச்சத்துக்கு வைராக்யத்தின் உடையை அணிவிப்பது எளிது. அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்; தம்மிடத்தில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

அவருக்குக் குலசேகராழ்வார் துணை வந்தார். பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டு எம்பெருமானைப் பாடும் பதிகத்தில் ஆழ்வார் காட்டும் உவமைகளுள் ஒன்று நோயாளியைப் பற்றியது. மருத்துவன் உடம்பை அறுக்கிறான், சுடுகிறான், ஆயினும் நோயாளிக்கு அவனிடத்தில் அன்பு மாறுவதில்லை. அப்படியே நீ எத்துணைத் துன்பம் தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்கிறார். இப்பாசுரத்தை நாம் எத்தனையோ முறை ஸேவித்திருக்கிறோம். எம்பெருமானிடம் வைக்கவேண்டிய விச்வாஸத்துக்கு உவமை என்றே எப்போதும் கொண்டோம். உவமைப் பொருளை விளக்கும் ஆர்வத்தில் உவமையை மறந்துவிட்டோம். சேர நாட்டை ஆண்ட அந்த ஆழ்வாருக்கு, மருத்துவனிடம் உடம்பை ஒப்படைத்த நோயாளியின் மனநிலை, எம்பெருமானிடம் காட்டும் அன்புக்கு உவமை ஆகும் அளவுக்கு உயர்ந்ததாகப் பட்டிருக்கிறது. அது தாழ்ந்த செயலாக இருந்தால் அவர் திருவுள்ளம் அங்கே சென்றிராது. நெய்யூருக்குப் புறப்படும் நாளில் அந்த அடியார் இப்பதிகம் முழுவதையும் ஸேவித்துவிட்டே வண்டியில் ஏறினார்.

இனி இரண்டாம் கேள்வி. இதற்கு ஒரு பெரிய ஆக்ஷேபம் உண்டு. ‘மாறனேரி நம்பி என்ன செய்தார்?’ என்று கேட்பவர்கள் உண்டு.

ஆளவந்தார்க்கு இராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்தது. அவர் திருவடிகளில் ஆச்ரயித்த மாறனேரி நம்பி, அந்நோயைத் தமக்கு ஆசார்ய பிரஸாதமாகத் தரவேண்டும் என்று வேண்டிப் பெற்று, அந்த வலியைத் தம் உடம்பில் சுமந்தார். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். எம்பெருமானார் அதைப் பற்றிக் கேட்டபோது, ஜடாயுவுக்குச் செய்த பெருமாளைவிட அடியேன் பெரியவனோ, விதுரருக்குச் செய்த தருமபுத்திரரைவிடப் பெரியவனோ என்னும் கருத்துப்பட விடையளித்தார். நோயைப் பிரஸாதமாகக் கொண்டவர் ஒருவர் நம் குருபரம்பரையிலேயே இருக்கிறாரே; ஆகவே நோய் வந்தால் பொறுப்பதன்றோ ஸ்ரீவைஷ்ணவ நெறி என்பது ஆக்ஷேபம்.

இச்சரித்திரத்தைச் சற்றே உற்று நோக்கவேண்டும். மாறனேரி நம்பி பிரஸாதமாகக் கேட்டது யாருடைய நோயை? தம்முடையதை அன்று, ஆசார்யனுடையதை. ஆளவந்தாரைப் பார்த்து, ‘இது தேவரீர் பிராரப்தம், பொறுத்தருளவேணும்’ என்று அவர் விண்ணப்பிக்கவில்லை. அந்த வலி தம் ஆசார்யன் திருமேனியில் இருப்பதைப் பொறுக்கமாட்டாமல், தம் உடம்பிலே ஏற்றுக்கொண்டார். அவர் பொறுத்தது தம்மிடம் வந்த வலியை. பொறாதது பிறரிடம் கண்ட வலியை. ‘நோயைப் பொறு’ என்று பிறருக்கு உபதேசிப்பதற்கு இச்சரித்திரத்தை எடுத்தால், அதைத் தலைகீழாகப் படித்தவர்கள் ஆவோம்.

கூரத்தாழ்வான் சரித்திரமும் இதையே சொல்லும். எம்பெருமானாருக்காகத் தம் திருக்கண்களை இழந்தவர் அவர். பின்னொரு நாள் பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டிப் பெறும்படி எம்பெருமானார் நியமித்தார். வரதராஜஸ்தவம் பிறந்தது. ஆனால் ஆழ்வான் தமக்குக் கண் வேண்டவில்லை. தம் கண் போவதற்குக் காரணமான நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெறவேண்டும் என்று கேட்டார். ஆழ்வானுடைய பெருமைக்கு இதைவிட என்ன வேண்டும்? எம்பெருமானார் திருவுள்ளமோ இதனால் ஆறவில்லை. ஆழ்வானுடைய உடம்பு ஆழ்வானுடையது மட்டுமன்று, அது தமக்கும் உரியது என்று அவர் எண்ணினார் என்பர் பெரியோர்.

இருவரும் சரியே. தமக்குக் கண் வேண்டாம் என்றது ஆழ்வானுக்கு அழகு. அவருக்குக் கண் வேண்டும் என்றது எம்பெருமானாருக்கு அழகு. இடம் மாறினால் இரண்டும் கெடும். எம்பெருமானார், ‘போன கண் போகட்டும், அது உம் வினை’ என்று சொல்லியிருந்தால் அச்சொல் நம் ஸம்ப்ரதாயத்தில் நிற்குமா? ஆகவே நாம் கண்டது இது: வினை என்னும் சொல் தன்னைப் பற்றித் தான் சொல்லிக்கொள்வதற்கு உரியது. அப்போது அது பிறரைப் பழியாமல் இருக்கவும், எம்பெருமானை வெறாமல் இருக்கவும் உதவும். அதையே பிறரைப் பார்த்துச் சொன்னால், உதவவேண்டிய கையை மடக்கிக்கொள்வதற்கு ஒரு சாக்காகிவிடும். பிறர் துன்பத்தின் முன் ஸ்ரீவைஷ்ணவனுக்கு உரிய சொல் வேறு. ‘அடியேன் என்ன செய்யட்டும்?’ என்பதே அது.

தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. கூடவே மற்றொருவர் வாழ்கிறார். ‘இவர் பிராரப்தத்தை இவர் அநுபவிக்கிறேன் என்கிறார், இரவு முழுக்க விழித்திருப்பது அடியேன் அல்லவா?’ என்று அம்மையார் ஒருமுறை கேட்டார். அக்னி ஸாக்ஷியாகக் கைப்பற்றியவர்களுள் ஒருவர் உடம்பு மற்றவருக்கு அந்நியம் அன்று.

மூன்றாம் கேள்வி அச்சத்தைப் பற்றியது. நெய்யூரில், கட்டியை எடுப்பதற்கு முன், காதின் முன்புறத்திலும் கழுத்திலும் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் சென்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். இவ்வகைப் புற்று பெரும்பாலும் தோன்றிய இடத்தையே அரிக்கும். சிலரிடத்தில் நிணநீர் வழியே பரவும். ஒலியலைப் பரிசோதனை செய்தார்கள். ஒரு முடிச்சு சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அதில் ஊசி செலுத்தி நீர் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவர் உறங்கினார். அவர் தேவிகள் உறங்கவில்லை. ‘ஸ்வாமி, த்வயம் அநுஸந்திக்கிறேன், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மஹாவிச்வாஸம் இல்லாத பாவியோ அடியேன்?’ என்று நம்மிடம் கேட்டார்.

அன்று நாம் சொன்னது பெரியாழ்வாரைப் பற்றி. வல்லபதேவன் ஸபையில் பரத்வத்தை நிர்ணயித்து, யானைமேல் வரும்போது, கருடன்மேல் எம்பெருமான் ஸேவை ஸாதித்தான். காணக்கிடைக்காத காட்சியைக் கண்டவர் தமக்கு ஒன்றும் வேண்டவில்லை. காலம் நடையாடும் இவ்வுலகில் இவ்வழகுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். ஸர்வரக்ஷகனுக்குக் காப்பிட்டார். அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர் என்பதை அவர் அறியாதவரா? ஞானம் மிகுந்தபோது அம்முறை நிலைத்திருக்கும். பிரேமம் மிகுந்தபோது அது மாறாடும் என்று பிள்ளை லோகாசார்யர் ஸமாதானம் அருளினார். ஆக, அச்சம் எல்லாம் அவிச்வாஸம் அன்று. ஆபத்தே இல்லாதவனுக்காக ஆழ்வார் அஞ்சியது அன்பு எனப்படுமானால், நெற்றியில் புண்ணோடு உறங்கும் கணவருக்காக ஒரு மூதாட்டி விழித்திருப்பது எப்படிக் குற்றமாகும்? அவருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: ‘அஞ்சாதேயுங்கள் என்று சொல்லமாட்டோம். அஞ்சும் நெஞ்சோடேயே த்வயத்தைச் சொல்லுங்கள். அவனுக்கு அது கேட்கும்.’

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. முடிச்சில் நோய் இல்லை. அவ்விருவரும் மகிழ்ந்ததைவிட நாம் மகிழ்ந்தோம் என்றால் மிகையன்று. அவ்வாறு வராமல் இருந்திருந்தாலும் நாம் மேலே கூறிய ஒன்றும் பொய்யாகாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முடிவு நன்றாக வந்ததற்கு அவர்கள் பக்தி காரணம் என்று சொல்லத் தொடங்கினால், முடிவு வேறாக வந்த அடியார்களின் பக்தியைப் பழித்தவர்கள் ஆவோம். அப்படிச் சொல்பவர்கள் நம்முள் இருக்கிறார்கள்; அச்சொல்லால் பல இல்லங்களில் புண்ணின் மேல் புண் உண்டாகிறது.

‘ஏன் வந்தது?’ என்ற கேள்வியும் அந்நாட்களில் பலர் வாயில் வந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உள்ள மோனசைட் மணலின் கதிர்வீச்சால் வந்தது என்றார் ஒருவர். அதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே அதனால் புற்று மிகுந்ததாகக் காணப்படவில்லை. திருமண்ணால் வந்தது என்றார் இன்னொருவர். அடியார் முதலில் எண்ணியதும் அதுவே. மருத்துவர்கள் சொன்னது எளிது: அகவை, நெடுங்கால வெயில். தோலின் கருநிறம் நம்மைப் பெரிதும் காக்கிறது. ஆனால் முழுவதும் காப்பதில்லை. ஆறாத புண், பழைய தீத்தழும்பு, நாட்பட்ட உராய்வு இவையும் காரணமாகலாம். காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை உடம்போடு அணைத்துக்கொள்ளும் காச்மீரத்தவர்க்கு வயிற்றிலும் தொடையிலும், வேட்டியை இறுக்கிக் கட்டுவோரிற் சிலர்க்கு இடுப்பிலும் புற்று வந்ததை மருத்துவ நூல்கள் பதிந்திருக்கின்றன. சில வாரங்களில் ஆறாத புண் எதுவாயினும் காட்டவேண்டும் என்பதே இதில் கொள்ளவேண்டியது. யார் எந்தப் பாவம் செய்தார் என்று ஆராய்வதில் ஒருவருக்கும் புண் ஆறுவதில்லை.

கட்டியைச் சுற்றிலும் நல்ல தோல் சிறிது சேர்த்து எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து அவ்விடத்தில் வைத்தார்கள். எடுத்த பகுதியின் ஓர் ஓரத்தில் நோய்க்கும் நல்ல தோலுக்கும் இடைவெளி போதாமல் இருந்ததால், கதிர் சிகிச்சையும் வேண்டும் என்றார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். காலையில் தளிகை முடித்து, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, திங்கள்சந்தைப் பேருந்தில் இருவரும் போய்வந்தார்கள். கதிர் படும் வேளையில் வலி இல்லை. நாளாக ஆகத் தோல் சிவந்து காந்திற்று. அந்த இடத்தில் சோப்பு, சந்தனம், பொடி ஒன்றும் படலாகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லை தெரிவதற்காகக் கதிர் இடுபவர்கள் நெற்றியில் மையால் கோடுகள் வரைந்தார்கள், அவற்றை அழிக்கலாகாது.

அப்போதுதான் அவர் உடைந்தார். கத்திக்கும் ஊசிக்கும் கலங்காதவர், ‘பஞ்சஸம்ஸ்காரம் ஆன நாள் முதல் திருமண்காப்பு இல்லாமல் எம்பெருமான் முன் நின்றதில்லை ஸ்வாமி. யாரோ இட்ட மைக்கோட்டோடு எப்படி நிற்பேன்?’ என்று அழுதார். திருக்கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

பன்னிரு திருமண் தரிக்கும்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு திருநாமம். நெற்றிக்கு உரியது கேசவ நாமம். அம்மையார் ஒரு வழி கண்டார். மற்றப் பதினோரிடங்களில் அவர் திருமண் தரித்துக்கொள்வார். நெற்றியை அம்மையார் மருத்துவர் சொன்னபடி உப்புநீரால் மெல்லத் துடைப்பார். துடைக்கும்போது அவர் கேசவ நாமத்தைச் சொல்வார். திருமண் இடும் வேளையில் சொல்லவேண்டிய நாமம், புண் துடைக்கும் வேளையில் சொல்லப்பட்டது. நான்கு மாதம் இப்படியே நடந்தது. ‘நெற்றிக்கு உரியவன் கேசவன். திருவட்டாற்றில் கிடப்பவனும் கேசவன். அவன் பேரைச் சொன்ன நெற்றியை அவன் அறியானா?’ என்று அவர் கேட்க, மறு ஏகாதசியில் இருவரும் ஆதிகேசவப் பெருமாள் முன் சென்று நின்றார்கள். அர்ச்சகர் எப்போதும் போலத் தீர்த்தம் ஸாதித்தார்.

திருமண் ஒரு பொருட்டன்று என்று நாம் சொல்ல வரவில்லை. அது தரிக்க இயலாதபோது அவர் அழுததே அதன் பெருமை. தரிக்க இயன்ற நாளில் அதை எத்தனை அசட்டையாகத் தரித்திருக்கிறோம் என்பதே நமக்குள் எழுந்த கேள்வி. கைங்கர்யம் என்பதைக் கோயிலுக்குள் மட்டும் தேடியதும் நம் குறையே. ஒரு பாகவதருடைய புண்ணை, எம்பெருமான் திருநாமத்தோடு, நாள் தவறாமல் துடைப்பது பாகவத கைங்கர்யம் அன்றி வேறென்ன? அந்த பாகவதர் தம் கணவரே ஆனால் அது கைங்கர்யம் ஆகாது போகுமா?

இப்போது புண் ஆறியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெய்யூர் சென்று காட்டிவரவேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் நாள் இரவு அம்மையாருக்கு உறக்கம் வருவதில்லை. வெயிலில் குடை இல்லாமல் அவர் புறப்பட்டால் அம்மையார் வாசலில் நின்று கூப்பிடுகிறார். ஒட்டிய தோல் நிறம் வேறாக இருப்பதால், அங்கே திருமண் சற்றுக் கோணலாகவே அமைகிறது. அவர் இப்போது கண்ணாடியைத் திருப்பி வைப்பதில்லை.

சென்ற மாதம் வேறோர் அடியார் திருமாளிகைக்குச் சென்றோம். அங்கும் நோய். அங்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழைய சொல் நாவின் நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு, ‘பரிசோதனைக்கு என்றைக்குப் போகவேண்டும்? கூட வரட்டுமா?’ என்று கேட்டோம்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.